மூன்று மணிக்குள் ஹெர்மன் சிலை

ஞாயிறு காலை எட்டு மணிக்கு போர்க்ஹோல்ட்ஸ்ஹவுசன் ஸ்டேஷனில் என் மவுண்டன் பைக்கோடு இறங்கியபோது என்னிடம் சரியாக ஏழு மணித்தியாலம் இருந்தது. அங்கிருந்து ஜெர்மனியின் டொய்டோபுர்க் காட்டு மலைமுகட்டால் ஐம்பத்தெட்டு கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, பகல் மூன்று மணிக்குள் டெட்மோல்டுக்கு மேலே நிற்கும் ஹெர்மன் சிலையடியில் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் செப்டெம்பரில் நான் இங்கிலாந்து போகலாம். அனுப்பாவிட்டால் என் இடம் வேறு ஆளுக்கு.

இந்தச் சோதனையை வைத்தவன் என் மனைவி சிவகௌரியின் தம்பி ஜெயகாந்த். லெஸ்டரில் இருக்கிறான். வருடம் தவறாமல் தெற்கு இங்கிலாந்துக்குப் போய் நான்கு நாள் சைக்கிள் ஓடுவான், படங்கள் அனுப்புவான். வெள்ளைச் சுண்ணாம்புப் பாதை, அதன் இரண்டு பக்கமும் செம்மறி ஆடு, பிறகு பீச் என்ற காட்டு மரங்கள் அடர்ந்த ஒரு காடு, அது முடிய ஒரு ஆறு, கடைசியில் கடல். நான் பீலெஃபெல்டில் சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். இடைவேளையில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஐம்பத்துமூன்று வயதில் எனக்கு வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

"அத்தான், ஹொஸ்டலில நாலு கட்டில்தான் இருக்கு," என்று போன கிழமை போனில் சொன்னான். "நாலாவது உங்களுக்கெண்டால் எனக்குச் சந்தோசம். ஆனா முழங்கால் ஒப்பரேசன் செய்த ஆளை மலையில வச்சுத் தூக்கிக்கொண்டு வர எனக்கு ஏலாது. ஒருநாள் ஓடிக் காட்டுங்கோ. ஞாயிறு மூண்டு மணிக்கு நான் பேர் குடுக்க வேணும்."

"மூண்டு மணி ஐஞ்சு நிமிசமெண்டால்?"

"வேலையிடத்துப் பெடியன் ஒருத்தன் அந்தக் கட்டிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறான், அத்தான்."

சிவகௌரி வேறு ஒரு நிபந்தனை வைத்தாள். போனில் நான் போகும் இடம் காட்டும் லொகேஷனைப் போட்டுவிட வேண்டும். "காட்டுக்க விழுந்து கிடந்தால் எங்கையெண்டு வந்து தேடுறது?" என்றாள். நியாயம்தான். ஆனால் அவள் அதைத் தனக்கு மட்டும் போடாமல் எண்பத்துநாலு பேர் இருக்கும் குடும்பக் குறூப்பில் போட்டுவிட்டாள். அது எனக்கு ஹாலேயில்தான் தெரிந்தது. பெரிய நகரமான ஹாலே இல்லை, வெஸ்ட்ஃபாலன் பக்கத்து சின்ன ஹாலே ஊரைச் சொல்கிறேன்.

காடு முடிந்து தார் றோட்டைக் கடக்கும் இடத்தில் என் ஒன்றுவிட்ட தமக்கை மகாதேவி அக்கா நின்றா. காரின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இடியப்பம், சொதி, சம்பல், நாலு பிளேட், கை துடைக்கத் துவாய்.

"அக்கா, நான் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறன்."

"ஒரு நிமிசம்தான். ரெண்டு இடியப்பம் விழுங்க எவ்வளவு நேரம்? எங்கட ஊரால வந்து சாப்பிடாமல் போனானெண்டு நாளைக்கு என்னைத்தானே கதைப்பினம்."

ரெண்டு ஏழானது. ஒரு நிமிசம் இருபது நிமிசமானது.

அங்கிருந்து மேடும் பள்ளமுமாகப் பாதை போனது. ஒரு இடத்தில் பழைய கல்லுடைத்த குழியின் விளிம்பால் ஓடினேன். கீழே வெள்ளைப் பாறையில் வெயில் அடித்தது. இங்கிலாந்து இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சொதி மேலே வருவது போல இருந்தது, ஆனாலும் சந்தோசமாகத்தான் ஓடினேன்.

பீலெஃபெல்டில் ஸ்பாரன்புர்க் கோட்டை வாசலில் அரியரத்தினம் அண்ணை கதிரை போட்டு இருந்தார். சிவகௌரியின் பெரியப்பா மகன் அவர். ஒரு பெட்டி மீன் ரோல்ஸ், ஒரு பெரிய பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி.

"போனில உன்ர புள்ளி ஹாலேயில இருபது நிமிசம் நிண்டது," என்றார். "மகாதேவியிட்ட சாப்பிட்டிட்டு என்ர வாசலால சும்மா போகப்பாக்கிறாய், என்ன?"

"அண்ணை, இது கோட்டை வாசல். உங்கட வாசல் இல்ல."

"நாப்பது வருசமா இந்த ஊரில இருக்கிறன். இதும் என்ர வாசல்தான். இரு."

இருந்தேன். மூன்று ரோல்ஸ். முழங்காலைப் பற்றி விசாரித்தார், பிறகு தன் முழங்காலைப் பற்றிச் சொன்னார். எழும்பும்போது பன்னிரண்டு மணி. இன்னும் இருபத்தெட்டு கிலோமீற்றர் கிடந்தது.

ஓர்லிங்ஹவுசன் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போகும்போது ஹான்டிலில் பூட்டியிருந்த போனில் ஒரு மெசேஜ் வந்தது. உருட்டிக்கொண்டே பார்த்ததில் முதல் வரி மட்டும் தெரிந்தது. தேவமலர் எழுதியிருந்தா: "அண்ணை, ஓர்லிங்ஹவுசன் கார் பார்க்கில நிக்கிறன். ஒரு நிமிசம் நிண்டிட்டுப் போங்கோ..."

தேவமலர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். நாற்பது வயதில் ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து, இப்போது ஒரு சைக்கிள் கடையில் திருத்த வேலை செய்கிறா. என் சைக்கிளைப் பார்ப்பதும் அவதான். ஆனால் சொந்தக்காரர் மத்தியில் அவவின் பெயர் அதற்காக இல்லை. தேவமலரின் கொத்து ரொட்டி இல்லாமல் இந்தப் பக்கத்தில் ஒரு பிறந்தநாளும் நடந்ததில்லை. ஒரு நிமிசம் என்றால் என்னவென்று எனக்கு அப்போது நன்றாகத் தெரியும். கொத்து ரொட்டிக்கு அரை மணித்தியாலம். என் வயிற்றில் இடமும் இல்லை.

கார் பார்க்குக்கு முன்னூறு மீற்றர் இருக்க வலப்பக்கம் ஒரு பாதை இறங்கியது. சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இறங்கிவிட்டேன்.

அது சென்ன என்ற மணல்வெளிப் பக்கம். பீச் மரம் முடிந்து பைன் மரமும் மணலும். சில்லு புதைந்து புதைந்து போனது. போன் அடித்தது. எடுக்கவில்லை. என் புள்ளி குறுக்கால் போவதை எண்பத்துநாலு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. இன்னும் வேகமாக மிதித்தேன்.

டோரன்ஷ்லுக்ட் என்ற பள்ளத்துக்கு இறங்கும் சரிவில் பின் பிறேக்கைப் பிடித்தேன். இரும்பை இரும்பில் தேய்த்தது போல ஒரு சத்தம். சைக்கிள் நிற்கவில்லை. முன் பிறேக்கை மெல்லத் தொட்டேன், மணல் இழுத்தது, நான் ஒரு பெரிய முட்பற்றைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். வேலை செய்தது. கையில் கீறல் மட்டும். பின் பிறேக்கட்டை முழுதாகத் தேய்ந்து போயிருந்தது. மணி ஒன்று நாற்பது. சிலைக்கு ஒன்பது கிலோமீற்றர், ஏற்றம் மட்டுமில்லை, இடையில் இறக்கமும் உண்டு. பிறேக் இல்லாமல் போக ஏலாது. தள்ளிக்கொண்டு போனால் நாலு மணிக்கும் போய்ச் சேரமாட்டேன். முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அந்தச் சுண்ணாம்புப் பாதையை நினைத்தேன். அவ்வளவுதான், முடிந்தது என்று இருந்தது.

றோட்டுப் பக்கம் ஒரு கார் வந்து நின்றது. தேவமலர் இறங்கி மேலே ஏறி வந்தா.

"அண்ணை, உயிரோட இருக்கிறியளோ? புள்ளி பத்து நிமிசமா அசையேல்ல."

"இருக்கிறன். தேவமலர், கும்பிட்டுக் கேக்கிறன், சாப்பாடு மட்டும் வேண்டாம்."

"ஆர் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தது?"

கையில் இருந்தது சைக்கிள் திருத்தும் ஆயுதப்பெட்டி.

"போன கிழமை பின் கட்டை முடிஞ்சுதெண்டு சொன்னனான். ஓடீட்டு வந்து மாத்துவமெண்டு சொன்னியள். வெள்ளிக்கிழமை சாமான் வந்திட்டுது, கொண்டு வாறன், ஒரு நிமிசம் நில்லுங்கோ எண்டு எழுதினன். முழுக்க வாசிக்கேல்லையோ?"

"முதல் வரிதான் தெரிஞ்சது. நான் நினைச்சன் கொத்து ரொட்டியெண்டு."

தேவமலர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "கொத்து ரொட்டிக்குப் பயந்து முள்ளுக்க விழுந்த முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை. எழும்புங்கோ. சைக்கிளைக் கவிழுங்கோ."

நான் கவிழ்த்தேன். அவ சில்லைக் கழற்றி, பழைய கட்டையை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் பிடித்துக் காட்டிவிட்டு எறியாமல் சட்டைப் பையில் போட்டா. குறூப்பில் காட்டத்தானாம். எட்டு நிமிசத்தில் சில்லு திரும்பப் பூட்டியாயிற்று.

"புதுக் கட்டை. முதல் இருபது தரம் மெல்லப் பிடிச்சு விடுங்கோ, பிறகுதான் கடிக்கும். மணி என்ன?"

"ரெண்டு ஆகப்போகுது."

"பிறகென்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போங்கோ!"

றோட்டைக் கடந்து மற்றப் பக்கக் காட்டில் ஏறினேன். இறக்கம் வரும்போதெல்லாம் மெல்லப் பிடித்து விட்டேன், ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு. பதினெட்டாவது தரம் நன்றாகக் கடித்தது. கடைசி ஏற்றத்தில் முழங்கால் கொதித்தது. நடந்து போன ஒரு ஜெர்மன் சோடி ஒதுங்கி நின்று கை தட்டினார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன், கையை விட்டால் விழுந்துவிடுவேன். மரங்களுக்கு மேலே ஹெர்மன் தூக்கிப் பிடித்திருக்கும் பச்சை வாள் தெரிந்தது. மிதித்தேன்.

படம் எடுத்தபோது மணி இரண்டு ஐம்பத்தேழு. அவசரத்தில் ஹெர்மனின் கால்களும் என் பெருவிரலும்தான் விழுந்தன. அதையே அனுப்பிவிட்டுப் படியில் குந்திவிட்டேன்.

ஜெயகாந்த் உடனே போனில் கூப்பிட்டான்.

"அத்தான், கட்டில் உங்களுக்கு! பேர் குடுத்திட்டன். அதுசரி, ஓர்லிங்ஹவுசனில என்னத்துக்குக் குறுக்கால பாஞ்சனீங்கள்?"

"நீயும் பாத்தனியோ?"

"நான் மட்டுமே? காலமையில இருந்து ஒரு வேலையும் ஓடேல்ல. இஞ்ச வாறதெண்டால் ஒண்டு. லொகேஷன் போடக்கூடாது. சிவகௌரி அக்காட்டச் சொல்லுங்கோ."

சொல்லத்தான் போனைத் திருப்பினேன். சிவகௌரி அதற்குள் இங்கிலாந்துப் பாதை முழுவதையும், நாள் வாரியாக, குறூப்பில் போட்டிருந்தாள். அதற்குக் கீழே பழைய பிறேக்கட்டையின் படம். அதற்குக் கீழே, அந்தப் பாதைக்குக் கிட்ட இருக்கும் பிறைட்டனில் கலியாணம் கட்டிப் போன மிதுசாவின் மெசேஜ். அரியரத்தினம் அண்ணையின் மகள் அவள்.

இந்த முறை கடைசி எழுத்து வரைக்கும் வாசித்தேன்.

"மாமா, எங்கட பக்கத்தால எண்டைக்கு வாறியள்? மேல கார் பார்க் இருக்கு. ஒரு நிமிசம் நிண்டிட்டுப் போங்கோ. பிறேக்கட்டை ஒண்டும் இல்ல, நண்டுக்கறியும் புட்டும்தான்."

"மூண்டாம் நாள், பன்னிரண்டு மணி," என்று எழுதினேன். "நாலு பேர் வாறம்."