மேனிஃபோல்டுச் சத்தம்

மூன்றாவது முறையாக அந்த அம்பாசிடர் என் பட்டறை வாசலில் வந்து நின்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க பாய், வண்டியில ஒரு கொறையும் இல்லீங்க. கொஞ்சமா ஒரு சத்தம் கேக்குற மாதிரி இருக்குதுங்க. நமக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ" என்றார் பாலகோபால். ஆர்.எஸ்.புரத்துக்காரர், மில் முதலாளி. ஆனாலும் டிரைவர் வைத்துக்கொள்ளாமல் வண்டியைத் தானே ஓட்டிவருவார்.

சத்தமா? என்னிடமா? உக்கடத்தில் முகமது யூசுப் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். 'காது பாய்' என்றால் சின்னக் குழந்தையும் பட்டறையைக் காட்டும். வண்டி தெருமுனை திரும்பும்போதே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஊரெல்லாம் மாருதியாகிவிட்ட தொண்ணூற்று நாலிலும் பழைய இன்ஜின்காரர்கள் என்னைத் தேடி வந்தது இந்தக் காதுக்காகத்தான். அது போனால் என்னிடம் மிச்சம் வெறும் ஸ்பானர்.

திங்கட்கிழமைதான் இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்ததால் அதைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினேன். நடு நட்டில் ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் போய் முறையாக முறுக்கினேன். சூடாகி ஆறியபின் மறுபடி ஒரு முறுக்கு. புதன்கிழமை, புகை கசியாமல் இடையில் வைக்கிற கேஸ்கெட்டையும் மாற்றி, அதே வேலையை முதலிலிருந்து செய்தேன். இரண்டு தடவையும் காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை.

இன்றும் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஸ்குரூடிரைவர் முனையை இன்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தேன். டேப்பட் தட்டுவது கேட்டது. வாட்டர் பம்ப் சுற்றுவது கேட்டது.

"எங்கீங்க சத்தம்?"

"அதானுங்க, புஸ்ஸு புஸ்ஸுன்னு..."

"எனக்குக் கேக்கலீங்களே!"

"அப்ப இருக்காதுங்க. உடுங்க பாய்."

கேட்கிறது என்கிறாரா, இல்லை என்கிறாரா? மனுஷன் என் காதிலேயே பூச்சுற்றுகிறாரா? ஒன்றும் விளங்காமல் செய்தித்தாளில் ஒரு கீற்றைக் கிழித்து, மேனிஃபோல்டின் ஓரமாக நகர்த்தினேன். மூன்றாவது நட்டருகே வந்ததும் காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. விரலை நீட்டினேன். சுட்டது. கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரிகிறது. காதுக்கு மட்டும் ஒன்றுமில்லை. இன்ஜினை நிறுத்தச் சொன்னேன்.

இன்ஜின் ஆறியதும் கழற்றிப் பார்த்தேன். இந்த வண்டியில் காற்று உள்ளே போகிற மேனிஃபோல்டும் புகை வெளியே வருகிற மேனிஃபோல்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரே தடித்த வாசர் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அமுக்க வேண்டும். நான் மாட்டிய புது எக்ஸாஸ்டின் விளிம்பு ஒரு மயிரிழை மெல்லிசு. வாசர், காற்று போகிற பழைய மேனிஃபோல்டின்மேல் உட்கார்ந்துகொண்டு புதிதைத் தொடவேயில்லை. வாசரை ஒரு பக்கம் மட்டும் அரத்தால் ராவி, திரும்ப முறுக்கினேன். ஸ்டார்ட் செய்தபோது காகிதம் அசையவில்லை.

"சுத்தமா நின்னுபோச்சுங்க!" என்றார் பாலகோபால். "பாய் காதுன்னா காதுதானுங்க."

"எனக்குக் கேக்கலீங்க மொதலாளி. காயிதந்தான் காட்டிக்குடுத்துச்சு. எத்தன நாளா இப்படின்னே தெரியலீங்க."

அவர் தரையைப் பார்த்தார். "ஒரு வருசமாவேதானுங்க. போன தடவ நீங்க முடிச்சுக் குடுத்த பொறகும் சத்தம் இருந்துச்சு. பீளமேட்டுல ஒரு மெக்கானிக்குகிட்டக் காட்டிச் சரி பண்ணிப்போட்டேன். உங்ககிட்டச் சொல்ல வாய் வரலீங்க."

"அப்ப இந்தத் தடவ ஏன் மூணு வாட்டி இங்கயே வந்தீங்க?"

"உங்ககிட்ட வண்டி உடறவங்க எல்லாருமே பொறகு அவருகிட்ட வந்துதான் சரி பண்ணிக்கிறாங்கன்னு அந்த மெக்கானிக் சொன்னாருங்க. மனசு ஆறல. நீங்களே கண்டுபுடிச்சாத் தேவலைன்னு நெனச்சேன்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! ஒரு வருஷத்தில் ஒருத்தர்கூட வந்து திட்டவில்லை. வண்டி திரும்பி வரவில்லையென்றால் வேலை சுத்தம் என்று நான் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். இந்த ஊர் மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போட!

"எங்க தெருவுல காது டாக்டர் ஒருத்தர் இருக்காருங்க. ஏறுங்க பாய், போலாம்."

அவரை வைவதா, கையைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன். வண்டி கிளம்பியது. முப்பது வருஷத் தொழிலில் யாரிடமும் கேட்டிராத ஒன்றை அவரிடம் கேட்டேன்.

"இன்ஜின் சத்தம் எப்படி இருக்குதுங்க?"