நான்கிலிருந்து ஆறு வரை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் அன்று மதியம் உட்கார்ந்திருந்தவர்கள் ஐந்து பேர். மின்விசிறிக்கு நேர் கீழே இஸ்திரிக்காரர். நாள் முழுக்க நீராவியில் வேகிறவருக்கு அந்த இடம் என்பது எழுதாத சட்டம். அவருக்கு எதிரே, ஒரே பெஞ்சில், சலவை இயந்திரம் ஓட்டுகிற இருவர். கதவை ஒட்டி, எழுந்து போக வசதியாக, மேற்பார்வையாளர். சுவர் மூலையில், கடிகாரம் தெரிகிற நாற்காலியில், மடிப்புக்காரி. நின்றுகொண்டிருந்தவள் வகுப்பெடுக்கத் தலைமை அலுவலகம் அனுப்பிய பயிற்சிக்காரப் பெண்.

'மன அழுத்தத்துடன் நல்லுறவு' என்பது வகுப்பின் பெயர். பலகையில் அதைப் படித்த இஸ்திரிக்காரர், "எங்களுக்குள்ள உறவெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. இருபது வருஷத்துல ஒருநாள்கூட என்னை விட்டுட்டு அது ஊருக்குப் போனதில்ல" என்றார். பெஞ்சு குலுங்கியது. பயிற்சிக்காரப் பெண்ணும் சிரித்துவிட்டாள்.

மடிப்புக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. மணி மூன்றரை. அவளுடைய கணவருக்கு ஞாபகம் கசியத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. பகலில் எதிர்வீட்டு அம்மா பார்த்துக்கொள்கிறாள். நான்கு மணிக்கு அந்த அம்மா தன் வேலைக்குப் போயாக வேண்டும். கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவாள். மடிப்புக்காரி வீடு சேர ஆறு ஆகும். இடைப்பட்ட இரண்டு மணி நேரம் அந்த மனிதர் தனியாக உள்ளே. போன வாரம் வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தூங்கிப்போனார். முந்தாநாள் உள்ளிருந்தபடியே கதவைத் தட்டி, தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, என் பெண்டாட்டி எனக்காகக் காத்திருக்கிறாள், திறந்துவிடுங்கள் என்று கெஞ்சினாராம்.

காலை ஆறுக்கே வருகிறேன், மூன்றுக்கு விட்டுவிடுங்கள் என்று அவள் மூன்று விண்ணப்பங்கள் எழுதியாயிற்று. தேதி, பொருள், கையெழுத்து, எதிலும் குறையில்லை. மூன்றையும் மேற்பார்வையாளர் முத்திரை வைத்து மேலே அனுப்பினார். கேட்கும்போதெல்லாம், "மேல போயிருக்குக்கா" என்பார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் ஒரு மேலே இருந்தது.

மூச்சை இழுத்து விடுகிற பயிற்சி முடிந்ததும், காகிதத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரிக்கச் சொன்னாள் அந்தப் பெண். இடது பக்கம் நம் கையில் இருப்பது, வலது பக்கம் இல்லாதது. இஸ்திரிக்காரர் இடது பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி என்று எழுதி எல்லோருக்கும் காட்டினார். மடிப்புக்காரி வேலை நேரம், பேருந்து, எதிர்வீட்டு அம்மா, அவர் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனாள். எல்லாம் வலது பக்கம். இடது பக்கம் துவைத்த துணி போல வெள்ளையாகக் கிடந்தது.

அடுத்து ஆளுக்கு ஓர் உறை. மனதை அழுத்துவதை ஒரு கடிதமாக எழுதி ஒட்டிக் கொடுங்கள், தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்றாள். மடிப்புக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடையில் யாரும் இல்லாமல் நேரே போகிறது. 'ஐயா, இது என் நான்காவது விண்ணப்பம்' என்று ஆரம்பித்து அரைப் பக்கம் எழுதிவிட்டாள். அந்த வழியாக வந்த பயிற்சிக்காரப் பெண் அதைப் பார்த்ததும் நின்றாள்.

"அக்கா, இதை அங்க யாரும் பிரிக்க மாட்டாங்க. மூணு மாசம் வச்சிருந்து உங்க வீட்டுக்கே திருப்பி அனுப்புவாங்க. உங்களுக்கு நீங்களே எழுதிக்கிற கடிதம் இது."

"ஒருத்தர்கூடப் படிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. அப்படித்தான் உறுதி குடுத்திருக்காங்க."

இந்த உறுதியை மட்டும் காப்பாற்றிவிடுவார்கள் என்பதில் மடிப்புக்காரிக்குச் சந்தேகம் வரவில்லை. அந்தப் பெண் முதல்முறையாக ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அரைப் பக்கத்தையும் வாசித்தாள். தானும் சொல்லிப் பார்ப்பதாகவும், ஆனால் தன் பேச்சு அங்கே எடுபடாது என்றும், தனக்கே இந்த மாதத்தோடு வேலை முடிகிறது என்றும் மறைக்காமல் சொன்னாள். பிறகு வெள்ளையாகக் கிடந்த பக்கத்தைத் தொட்டு, "இங்க ஒண்ணே ஒண்ணு. ரொம்பச் சின்னதா இருந்தாக்கூடப் போதும்" என்றாள்.

மடிப்புக்காரி வீட்டுக்குப் போகிற வழியை மனதுக்குள் நடந்து பார்த்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு பத்து நிமிட நடை. தினமும் அவள் ஓடுகிறாள். ஆறு நிமிடத்தில் சேர்ந்துவிடுவாள். சேர்கிறபோது நெஞ்சு வாய்க்கு வந்திருக்கும், சாவி துவாரத்தில் நுழையாது. கதவு திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்து அவர் மிரண்டு சுவரோரம் ஒதுங்குவார். அதன்பின் அன்றைக்கு அவள் கையால் சாப்பிட மாட்டார். இரண்டு மணி நேரத்தில் நடக்க வேண்டியது எதுவானாலும் அவள் வருவதற்குள் நடந்து முடிந்திருக்கும். அந்த நான்கு நிமிடம் இதுவரை எதையும் தடுத்ததில்லை. இனியும் தடுக்காது.

விண்ணப்பத்தை மடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வேறு தாள் வாங்கித் தேதி போட்டு எழுதினாள்.

'பேருந்தை விட்டு இறங்கினால் ஓடாதே. நடந்து போ. நீ ஓடுவதால் எதுவும் நிற்கப்போவதில்லை. அவர் பயப்படாமலாவது இருப்பார். இது கைக்கு வரும்போது அவருக்கு உன்னைத் தெரிந்தால், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு. தெரியாவிட்டாலும் நடந்தே போ.'

இப்படிக்கு என்று எழுதியபின் கொஞ்சம் தயங்கி, விண்ணப்பங்களில் போடுகிற அதே முழுக் கையெழுத்தைப் போட்டாள். தாளை மூலைக்கு மூலை பொருத்தி மடித்து உறைக்குள் வைத்தாள். ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு முறை நீவினாள். மேலே தன் வீட்டு விலாசத்தை எழுதினாள். மேற்பார்வையாளர் ஐந்து உறைகளையும் பைக்குள் போட்டு வாயைக் கட்டி, வாசலில் நின்ற அலுவலக வண்டியில் ஏற்றிவிட்டார்.