யூனிஸைக் கேட்டுவிட்டு உள்ளே வரவும்

வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு வேலை கிடையாது என்பது நக்கூரு நகரத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பக்கத்து வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தால் அவள்தான் வாங்கி வைக்க வேண்டும். தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன் வந்தால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். "நீ வீட்லதானே இருக்கே" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் போதும், பிள்ளை, பூட்டுச்சாவி, ஊறவைத்த துணி என்று எதை வேண்டுமானாலும் அவள் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

பொசிபோரி அப்படி வீட்டில் இருக்கிறவள். மகள் நீமா பிறந்ததிலிருந்து அந்தக் காம்பவுண்டில் அவள் எல்லாருக்கும் நீமாம்மா. அதற்கு முன்னால் பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் கொடுத்து, சண்டைக்கு வந்தவர்களையெல்லாம் வாயாலேயே வழிக்குக் கொண்டுவந்தவள். அந்த வாய் சும்மா கிடந்து துருப்பிடிக்கிறதே என்றுதான் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, கடல் தாண்டி இருக்கிற முதலாளிகளுக்கு வீட்டிலிருந்தே உதவியாளர் வேலை பார்க்கலாம் என்று இறங்கினாள். இணையத்தில் விண்ணப்பம் மேல் விண்ணப்பமாகப் போட்டதில் ஒருத்தி சிக்கினாள். ஸ்காட்லாந்தில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருக்கும் பிலிப்பா. இரண்டு வாரம் சோதனை. தேறினால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் லேப்டாப்பை விற்றுவிட்டு நாத்தனாரின் முட்டைக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவதாக, லாரி ஓட்டும் கணவன் நியாகுண்டியிடம் அவளே வீறாப்பாகச் சொல்லித் தொலைத்திருந்தாள். நாத்தனாரும் முட்டைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி வைத்துவிட்டாள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாய்க்காரர்களின் கடிதங்களைப் பிரித்து, எந்த நாய்க்கு எந்த நேரம் என்று ஒதுக்கி, கோபக்காரர்களைச் சமாதானப்படுத்த வேண்டும். நீமா பாலர் பள்ளியில் இருக்கும் காலைப் பொழுதில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பிலிப்பாவிடம் திரையில் முகம் காட்டிப் பேச வேண்டும். அந்த நேரத்தில் வீடு அமைதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது ஒன்றுதான் அந்தக் காம்பவுண்டில் கிடைக்காத சரக்கு.

மூன்றாம் நாள், பிலிப்பாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு படாரென்று திறந்தது. தலையில் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குடன் எதிர்வீட்டு முகாமியம்மா, முகாமி என்ற பெண்ணைப் பெற்றதால் அந்தப் பெயர். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவள். காம்பவுண்டு பெண்களின் சேமிப்புக் குழுவுக்குத் தலைவி. தட்டிவிட்டு உள்ளே வருகிற வழக்கம் அவள் ஏழு தலைமுறைக்கும் கிடையாது.

"நீமாம்மா, இதை இங்க வெச்சுட்டுப் போறேன். எங்க வீட்ல கால் வைக்க இடமில்லை. நீ வீட்லதானே இருக்கே!" என்றவள் திரையை எட்டிப் பார்த்தாள். "யாரு இது, வெள்ளையா வேக வெச்ச மாதிரி இருக்கா? சாப்பிட்டாளா கேளு."

பொசிபோரி அதைக் கேட்கவில்லை. பிலிப்பாதான் கேட்டாள். "உங்க ஆபீஸ்ல வேற யாராவது இருக்காங்களா?"

"ஃபர்னிச்சர் வருது மேடம்" என்றாள் பொசிபோரி. பொய் இல்லையே.

பிலிப்பா சிரித்தாள். ஆனால் பேச்சை முடிக்கும்போது, தன் கடை ஆட்களும் இந்த அழைப்பில் வரப்போகிறார்கள், இன்னொரு தடவை இப்படி ஆனால் தனக்குச் சிரமமாகிவிடும் என்று மெதுவாகச் சொன்னாள். கத்தியிருந்தால்கூடப் பொசிபோரி சமாளித்திருப்பாள்.

முகாமியம்மாவைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. நீமா பிறந்த மழை நாளில், நாற்காலி ஏற்றும் வண்டியில் இவளை ஏற்றி, வழியெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் அவள். அவளிடம் போய்த் தட்டிவிட்டு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது?

அன்று மத்தியானம் பொசிபோரி ஒரு நாய்க்காரருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். முன்பதிவு இல்லாமல் வந்தால் உங்கள் பிஸ்கட்டை உள்ளே விட இயலாது, மன்னிக்கவும். எழுதி முடித்தவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிஸ்கட் என்கிற நாய், முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முன்பதிவு செய்துவிட்டு வர வேண்டும். தன் வீட்டுக்குள் மட்டும் நாற்காலி முதற்கொண்டு எது வேண்டுமானாலும் நுழையலாமா?

மறுநாள் கதவில் ஒரு அட்டை தொங்கியது. 'சந்திப்புக்கு முன்பதிவு அவசியம். செக்ரட்டரி யூனிஸைக் கேட்டுவிட்டு உள்ளே வரவும்.' கீழே ஒரு நம்பர். டிக்கெட் வேலை காலத்தில் தன் பெயரில் வாங்கி டப்பாவுக்குள் போட்டிருந்த பழைய சிம்முக்கு உயிர் வந்திருந்தது.

முகாமியம்மா அட்டையைச் சத்தமாகப் படித்தாள். காம்பவுண்டுக்கே கேட்கும்படி சிரித்தாள். பிறகு, வாசலிலேயே நின்றுகொண்டு, அந்த நம்பரைப் போட்டாள்.

பொசிபோரி துணி அலமாரிக்குள் பாய்ந்தாள். நியாகுண்டியின் கம்பளிக் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூக்கை லேசாகப் பிடித்து, எந்த அரசாங்க அலுவலகத்தின் முன்மேஜையிலும் உட்காரக்கூடிய ஒரு குரலை வெளியே விட்டாள்.

"வணக்கம். யூனிஸ் பேசுகிறேன். தங்கள் பெயர்?"

வெளியே சிரிப்பு பாதியில் நின்றது. "முகாமியம்மா."

"தங்கள் பெயரைக் கேட்டேன்."

"அதாம்மா சொல்றேன். முகாமியம்மா."

"சரி. எதற்காகச் சந்திக்க வேண்டும்?"

"உப்பு வேணும்."

"உப்பு. எவ்வளவு?"

"ஒரு... ஒரு கரண்டிம்மா."

"பதிவு செய்துகொண்டேன். இப்போது மீட்டிங் நடக்கிறது. மதியத்துக்கு மேல் வந்து பெற்றுக்கொள்ளலாம். கதவருகே கூட்டம் போட வேண்டாம்."

"சரிங்க மேடம்" என்றாள் முகாமியம்மா. யாருக்கும் அடங்காத அந்தப் பெண்மணி மேடம் என்று சொன்னதைக் கேட்டு, அலமாரிக்குள் இருந்தவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்து, கோட்டின் பூச்சி உருண்டை நெடியில் தும்மலாக முடிந்தது.

"உடம்பு சரியில்லையா மேடம்?"

"அலுவலகத்தில் ஏசி" என்றாள் யூனிஸ்.

ஒரு வாரத்தில் யூனிஸின் புகழ் குழாயடி வரை போய்ச் சேர்ந்தது. நம்ம நீமாம்மா டவுனில் ஆபீஸ் போட்டு ஆள் வைத்திருக்கிறாள் என்று முகாமியம்மாவே தன் சொந்த மகள் பாஸான மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு மாடியும் லிஃப்டும்கூட அவளே கட்டிக் கொடுத்தாள். "நீ வீட்லதானே இருக்கே" என்று நீமாம்மாவிடம் சொன்ன வாய் ஒன்றுகூட யூனிஸிடம் அதைச் சொல்லத் துணியவில்லை. அந்தக் குரலுக்கு இருந்த மதிப்பு, அதே தொண்டையிலிருந்து வரும் சொந்தக் குரலுக்கு இல்லாமல் போனதில் பொசிபோரிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை நாற்காலிகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முகாமியம்மா ஒருநாள் அழைத்தாள். நக்கூருவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணமாம்.

"மன்னிக்கவும்" என்றாள் யூனிஸ். "அதே சனிக்கிழமை லாங்காட்டாவில் ஒரு துக்க வீட்டுக்குக் கூடாரமும் நாற்காலியும் போகிறது, வண்டியில் ஏற்றும்போது வாசலை மறைக்கும் என்று செவ்வாய்க்கிழமை தாங்களே சொன்னீர்கள். இரண்டு இடத்துக்குமா?"

மறுமுனையில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஐயோ, கடவுளே! ரெண்டு பேர்கிட்டயும் தலையாட்டிட்டேனே! மேடம், இப்ப நான் என்ன பண்ணுவேன்?"

அடக்கம் ஞாயிற்றுக்கிழமையா சனிக்கிழமையா என்று முதலில் விசாரிக்கச் சொன்னாள் யூனிஸ். சனிதான் என்றால் கல்யாணத்துக்கு வேறு கடையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம், பேசவேண்டியதைத் தான் பேசுவதாகவும் சொன்னாள். பேசினாள். முடிந்தது. முகாமியம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சோதனையின் கடைசி நாள். பிலிப்பாவும் இரண்டு கடை ஆட்களும் திரையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு ஆரம்பிக்கும் முன் யூனிஸின் நம்பருக்கு ஒரு செய்தி வந்தது. தபிதா வங்கேச்சி என்று யாரோ சோடா குடிக்கிற அளவுக்குக் போன் வழியாகக் கொஞ்சம் பணம் அனுப்பியிருந்தார்கள். எந்த வங்கேச்சி? நம்பர் மாறிப் போட்டிருப்பாள், பிறகு திருப்பி அனுப்பலாம் என்று போனை மேலங்கிப் பைக்குள் போட்டாள்.

அடுத்த நிமிடமே பை அதிர ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. வாசலில் செருப்புச் சத்தம். முகாமியம்மாவின் செருப்புதான், சந்தேகமே இல்லை. இப்போது கதவு திறந்தால் நேரே முட்டைக்கடைதான்.

கதவு திறக்கவில்லை. கரி விற்கிறவன் வாசலில் கூவினான். அடுத்த நொடி வெளியே ஒரு சீறல்.

"ஏய், வாயை மூடு! உள்ள மீட்டிங் நடக்குது, கண்ணு தெரியலையா? அட்டையைப் படிடா! அந்தப் பக்கம் போய்க் கத்து! இந்தக் கோழியை யாரு விட்டது இங்க?"

பிலிப்பா காதைக் கூர்மையாக்கினாள். "அது யாரு?"

பொசிபோரி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என் செக்ரட்டரி, மேடம்."

"செக்ரட்டரியா! பாஷை புரியலை, ஆனா எனக்கே பயமா இருக்கு" என்றாள் பிலிப்பா. கடை ஆட்கள் சிரித்தார்கள். ஒழுங்கான ஆபீஸ் வைத்திருக்கிறீர்கள், திங்கட்கிழமையிலிருந்து நிரந்தரமாக ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தாள்.

பொசிபோரி மேஜையில் தலையை வைத்துக் கொஞ்சம் அழுதாள். சந்தோஷம்தான். அப்புறம் கதவைத் திறந்தாள்.

வாசலுக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் முகாமியம்மா காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து, கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"நீமாம்மா, மனசைத் திடப்படுத்திக்கோ. உன் செக்ரட்டரி ஒரு கள்ளி."

"என்னது?"

"சனிக்கிழமை மானத்தைக் காப்பாத்தினாளேன்னு சோடாவுக்குக் காசு அனுப்பினேன். அனுப்பினா போன்ல பேரு வரும்ல, அதுல பொய் சொல்ல முடியுமா? பாரு." போனை நீட்டினாள். "யூனிஸாம் யூனிஸு! இவ பேரு பொசிபோரி ஒண்டியேகி. பேரை மாத்திச் சொல்லி உன்கிட்ட வேலைக்குச் சேர்ந்திருக்கா. எப்ப எதைச் சுருட்டுவாளோ. நான் போட்டுப் பார்த்தேன், பயந்துக்கிட்டு எடுக்க மாட்டேங்கறா."

பொசிபோரி தன் பெயரைத் திரையில் பார்த்தாள். முகாமியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை, இவளுக்காக நிஜமான கவலைதான் இருந்தது. மாட்டிக்கொண்டோம் என்று பயந்தவள் மாட்டவே இல்லை. பிரசவ வலியில் மடியில் சாய்த்துக்கொண்டு போனவளுக்கு இவள் பெயர் தெரியாது. அது சுருக்கென்று குத்தியது. கண்ணில் மறுபடி நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. தபிதா வங்கேச்சி. சோடா காசு. யாரோ நம்பர் மாறிப் போட்டவள் என்று தானும்தானே நினைத்தாள்?

"இரு, மறுபடி போடறேன். இன்னிக்கு அவளா நானான்னு பார்த்துடறேன்" என்று முகாமியம்மா போனைக் காதில் வைத்தாள்.

பொசிபோரியின் மேலங்கிப் பை விர்ரென்று அதிர்ந்தது.

முகாமியம்மா பையைப் பார்த்தாள். பொசிபோரி போனை வெளியே எடுத்தாள். எதிரே நின்றபடியே, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே, காதில் வைத்தாள். மூக்கைப் பிடிக்கவில்லை.

"வணக்கம். பொசிபோரி பேசுகிறேன். தபிதா வங்கேச்சி அவர்கள்தானே?"

முகாமியம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. இந்தக் காம்பவுண்டில் யாரும் கூப்பிட்டிராத பெயர் அது. அவளே கேட்டு எத்தனை காலமாயிற்றோ. உப்பு, ஏசி, தும்மல், டவுன் ஆபீஸின் லிஃப்ட் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் முகத்தில் ஏறி இறங்குவது தெரிந்தது. ஆனாலும் சேமிப்புக் குழுத் தலைவி இல்லையா, போனைக் காதிலிருந்து இறக்கவில்லை.

"ஆமா, வங்கேச்சிதான் பேசறேன். நீமாம்மாவை... பொசிபோரியைப் பார்க்கணும். உடனே."

"எதற்காக?"

"காதைத் திருகறதுக்கு."

"பதிவு செய்துகொண்டேன். எந்தக் காது?"

"ரெண்டும். அது முடிஞ்சதும் என் கூடாரக் கணக்கை எழுதி வெச்சுக்கிட்டு, போனையும் அவளே எடுத்துப் பேசணும். சம்பளத்துக்கு. சும்மா இல்லை."

"இன்று இடமில்லை, வங்கேச்சி. திங்கட்கிழமையிலிருந்து எனக்கு ஸ்காட்லாந்து வேலை உறுதியாகிவிட்டது. தினமும் அது முடிந்த பிறகுதான்."

வங்கேச்சி நாற்காலியை வாசலுக்கு நேராக இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டு அதில் சாய்ந்துகொண்டாள். போன் இன்னும் காதிலேயே இருந்தது.

"பரவாயில்லை. நான் இங்கயே காத்திருக்கேன். நான் வீட்லதானே இருக்கேன்."