மூன்றாம் பதிப்புக்குக் கையெழுத்து

1953 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது, கடற்காற்று விடவில்லை. இராயபுரத்து வீட்டின் முன்னறையில் ஜெரினா பஞ்சை மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் நீரில் நனைத்துத் தந்தையின் உதடுகளுக்கிடையே பிழிந்துகொண்டிருந்தாள்.

யூனானி வைத்தியரான மீரான் ஹக்கீம் இரண்டு சொட்டு விழுங்கினார். மூன்றாவதற்குத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"புஸ்தகத்த நிறுத்திடு."

"எது வாப்பா?"

"எத்தினி புஸ்தகம் எழுதிகீறேன் நானு?"

எழுதியது ஒன்றுதான்: 'மழலைப் பேதி மருந்து முறை'. இரண்டு பதிப்புகள் விற்றுப்போய், வண்ணாரப்பேட்டை முதல் திருவொற்றியூர்வரை பல வீடுகளில் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இடம்பிடித்திருந்தது. பேதி நிற்கும்வரை குழந்தைக்கு ஒரு சொட்டு நீரும் கொடுக்கலாகாது என்று அது விதித்தது. ஹக்கீமின் ஆசிரியர் அப்படிச் சொன்னார், ஹக்கீமும் நம்பினார். சென்ற கோடையில், துவண்டு கிடந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் உப்புநீரை நரம்பில் ஏற்றுவதையும், அவை கண் திறப்பதையும் அவர் நின்று பார்த்தார். அதன்பின் தம்மிடம் வந்தவர்களுக்கு அந்த விதியைச் சொல்வதை விட்டுவிட்டார். புத்தகம் விடவில்லை.

"அந்தப் பக்கத்த மட்டும் மாத்தறேன்றான் அச்சாபீஸு காஜா," என்றார். சொற்களுக்கிடையே மூச்சு தேவைப்பட்டது. "புதுசு வாங்கறவன் சரி. பழசு வெச்சிகினு கீறவன்? புக்கு இன்னும் ஓடுது, அப்ப சரியாத்தான் இருக்கும்னு தெகிரியமா படிப்பான்."

அவள் மீண்டும் பஞ்சை நனைத்தாள். இம்முறை நீர் கடைவாயில் வழிந்து தலையணையை அடைந்தது.

நண்பகலுக்குள் உடலைக் குளிப்பாட்டிக் கஃபன் துணியிட்டு, சந்தூக்குப் பெட்டியில் கிடத்தி வாசலில் வைத்தார்கள். அதைத் தூக்குமுன் வாரிசு எழுந்து இறந்தவரின் கடனைப் பொறுப்பேற்க வேண்டும். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் எழுத்தரான மகன் அமீருதீன், கூட்டத்தின் முன் நின்றான்.

"எங்க வாப்பா யாருக்காச்சும் பாக்கி வெச்சிருந்தா எங்கிட்ட கேளுங்க. மனசு நோவ வெச்சிருந்தா மன்னிச்சிடுங்க."

யானைக்கவுனி அச்சகத்துக் காஜா மொய்தீன் கையை உயர்த்தினார். ஜன்னல் திரைக்குப் பின்னிருந்து ஜெரினா பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணு கீதுபா. துட்டு இல்ல. மூணாம் பதிப்புக்குக் கையெழுத்து போட்டுத் தரேன்னாரு. அச்செழுத்து கோத்து வெச்சிகினு குந்திகினு கீறேன்."

கூட்டத்தில் சில தலைகள் ஆமோதித்தன. வாக்கும் கடன்தான்.

"வாப்பா கடன் என் கடன். இப்பவே போடறேன்," என்று சொல்லிவிட்டுப் பேனாவுக்காக அமீருதீன் உள்ளே வந்தான். காஜா மொய்தீன் நிலைப்படியோடு நின்றுகொண்டார். பேனா ஜெரினாவின் கையில் இருந்தது.

"மாமு," என்றாள் கதவுத் திரைக்கு இப்பாலிருந்து. "வாப்பா உங்ககிட்ட இன்னா சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

"யோசிச்சி, கையெழுத்து போட்டுத் தரேன்னாரு."

"யோசிச்சிட்டாரு. வோணாம்னுட்டாரு."

"அந்தத் தண்ணி சமாசாரத்த நானே தூக்கிட்றேம்மா. ஒரு பக்கத்துக்கோசரம் முழு புக்கையும் கவுப்பாங்களா? எழுதச்சொல்ல நம்பித்தான எழுதுனாரு? பொய்யா எழுதுனாரு?"

"நம்பித்தான் எழுதுனாரு. நம்பிக்க போனப்புறமும் அவரு பேர்ல விக்கணுமா?"

அமீருதீன் குரலைத் தாழ்த்தினான். "வாசல்ல மய்யித்த வெச்சிகினு, எங்க வாப்பா எழுதுனது தப்புன்னு நான் எழுதித் தரணுமா? ஊரு காறித் துப்பாது?"

"வாப்பாதான் நிறுத்தச் சொன்னாரு. காலைல."

"அத யாரு காதால கேட்டா?"

"நான்."

அவன் தங்கையைப் பார்த்தான். மூன்றாண்டுகளுக்கு முன், இதே அறையில், அவளுடைய குழந்தை தண்ணீர் கேட்டு விடியலிலிருந்து பிற்பகல்வரை அழுது அடங்கிப்போனது. புத்தகத்தில் உள்ளபடியே நடந்தார்கள். கண்ணில் பட்டால் இன்னும் அழும் என்று, குடத்தைக் கொல்லைக்கு எடுத்துச் சென்றவன் அமீருதீன்.

ஜெரினா பேனாவை நீட்டினாள்.

"இன்னா எழுதணும்?" என்றான்.

அவள் சொன்னாள், அவன் எழுதினான்: 'காலஞ்சென்ற மீரான் ஹக்கீமின் விருப்பப்படி, மழலைப் பேதி மருந்து முறை என்னும் நூல் இனி அச்சிடப்படாது. கடைகளிலுள்ள பிரதிகள் திரும்பப் பெறப்படும். வைத்திருப்போர் அதைப் பின்பற்ற வேண்டா. பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.'

கடைசி வாக்கியத்தில் அவன் பேனா சற்று நின்றது. பிறகு முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தான்.

"இத நோட்டீஸா அடிச்சி எல்லாச் செவுத்துலயும் ஒட்டணும் மாமு. பெரிய எழுத்துல."

"புக்கு போட வந்தவன நோட்டீஸ் ஒட்ட வெச்சிட்டியே," என்றார் காஜா மொய்தீன். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "கோத்த எழுத்த கலைக்கச் சொல்லிட்றேன். குடு."

அமீருதீன் கையெழுத்திட்டான். அவனுக்குக் கீழே ஜெரினா தன் பெயரை முழுதாக எழுதினாள். வாசலில் சந்தூக்கைத் தூக்க நால்வர் குனிந்திருந்தார்கள்; கலிமா ஓதும் குரல் எழுந்தது.

அவள் திரையை விலக்கித் தாளைக் கொடுத்தாள். மை காய்ந்திருக்கவில்லை. காஜா மொய்தீன் அதை மடிக்காமல், இரு உள்ளங்கைகளிலும் விரித்து வாங்கிக்கொண்டார்.