தடத்தில் நடந்தவள்

...அதே மஞ்சள் கோட்டுதான், இல்லை, வேறு யாராவதாக இருக்கும், எட்மண்டனில் இந்தக் குளிருக்கு மஞ்சள் கோட்டு போட்டவள் ஒருத்தி மட்டுமா இருப்பாள் என்று டாரியா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஸ்கீ கிளப்பின் குடிலுக்குள் வந்தவள் இடது காலை இழுத்து வைத்த விதத்தைப் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. பனியில் சறுக்கும் ஸ்கீ கட்டையின் அடியில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. நின்றது தெரிந்துவிடுமோ என்று மறுபடி தேய்த்தது, தேய்த்த இடத்தையே. வந்தவளுக்கு அறுபது வயதிருக்கும், கையில் துணி போட்டு மூடிய தட்டு, மூச்சு வாங்கியது. "இங்கே ஸ்கீக்குத் தடம் போடறது யாருங்க? அவங்களைப் பார்க்கணும்." அடுப்புக்குப் பக்கத்தில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த லாய்ட் கையை நீட்டிக் காட்டினான். "இதோ, எங்க டாரியாதான். கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்து பனிவண்டியை ஓட்டிட்டுப் போய்த் தடம் போடறது இவதான். குறை சொல்லணும்னா இவகிட்ட சொல்லுங்க, பாராட்டணும்னா என்கிட்ட சொல்லுங்க." சிரித்தான். பிறகு அவனும் அந்தக் கோட்டைப் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்பதை டாரியா பார்த்தாள், பார்க்காதவள் போல மெழுகுக் கட்டியின் மூடியைத் தேடினாள்.

மூன்று வாரம் இருக்குமா, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நாள் கொட்டிய பனி நின்று வானம் துடைத்து வைத்தது போல இருந்த காலை. ஆற்றங்கரை நெடுக அவள் போட்டிருந்த தடம், ஸ்கீ வழுக்கி ஓட இரண்டு பள்ளம், அருகருகே, வளைவில்கூட ஓரம் உதிராமல், பதினொரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. வண்டியை நிறுத்திவிட்டுக் காமிராவோடு நடைபாலத்தின் மேல் ஏறினாள், அது அவள் வழக்கம், வில்லோ மரக்கிளைகளில் உறைபனி பூத்திருக்கும், ஆற்றிலிருந்து ஆவி எழும், இன்னும் யாரும் மிதிக்காத தடத்தின் மேல் முதல் வெயில் விழும், போன வருஷம் கிளப் காலண்டரில் பிப்ரவரி மாதத்துக்கு அவள் படம்தான். அந்தச் சட்டகத்துக்குள் மஞ்சளாக ஒன்று வந்தது. ஸ்கீ இல்லை, பூட்ஸ் காலோடு, தடத்துக்குள்ளேயே, ஓரங்களை உடைத்துக்கொண்டு. நடக்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே பாதை இருக்கிறது, பலகை இருக்கிறது, இவ்வளவு பெரிய எழுத்தில்... அந்தக் கோபம் நியாயமானதுதான், கிளப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அதோடு விட்டாளா? படத்தைக் கிளப்பின் இணையப் பக்கத்தில் போட்டாள், கீழே எழுதினாள்: 'மூன்று மணி நேர உழைப்பு, ஒரே நடையில் காலி. வாத்துகூட இதைவிட நேராக நடக்கும்.' ஏன் அந்த வாத்து? தடம் பாழானது என்று எழுதியிருந்தால் போதாதா? அந்த வாத்துக்குத்தான் இருநூறு பேர் சிரித்தார்கள், காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாளோ என்று ஒருவன், பிடித்துக் கூண்டில் போடுங்கள் என்று ஒருத்தி, டாரியா சமையலறையில் காப்பியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து, ஆமாம், சிரித்தாள், தனியாக, வாய் விட்டு.

"என் பேரு ஆர்லீன்," என்று வந்தவள் தட்டை மேசைமேல் வைத்தாள். "மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். உங்க தடத்துல நடந்து கெடுத்தது நான்தான்." லாய்ட்தான் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டான். ஆகஸ்டில் மூளையில் ரத்தம் கசிந்துவிட்டதாம், பிழைத்ததே பெரிது என்றார்களாம், தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "நடைபாதையெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ், எங்கே நடக்கிறது? இங்கே வந்து பார்த்தா ரெண்டு பள்ளம், நேரா. என் இடது கால் தானா வெளியே திரும்பிக்கும், பள்ளம் அதைத் திரும்ப விடல. எட்டு மாசமா... இல்ல, ஆறு மாசமா, கணக்கு வர மாட்டேங்குது பாருங்க, முதல் தடவையா நேரா நடந்தேன். என்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் யாரோ போட்டு வச்சிருக்காங்கன்னே நெனச்சுட்டேன். என் புத்தி!" அவள் சிரித்தபோது முகத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் ஏறியது. "சர்ச்சுல பக்கத்துல உட்கார்றவ போனைக் காட்டி, இது நீதானேன்னு கேட்டா. கோட்டை வச்சுக் கண்டுபிடிச்சிட்டா. அப்பதான் எவ்வளவு பெரிய தப்புன்னு தெரிஞ்சது. அன்னையிலேருந்து வர்றதே இல்ல." பிறகு துணியை விலக்கினாள், பட்டைத்தூள் மணக்க எட்டு பன்கள், ஆவி அடங்காமல். எந்த பஸ்ஸில் எங்கிருந்து இதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாளோ.

"பரவாயில்ல, விடுங்க," என்றாள் டாரியா. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது. பரவாயில்லையாம், மன்னித்துவிட்டாளாம், யார் யாரை... ஒரு பன்னை எடுத்து வாயிலும் வைத்தாள், வைக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பாளே, "ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். ஆர்லீன் சந்தோஷப்பட்டாள், அதுதான் தாங்க முடியவில்லை. "அந்தப் படம் எடுத்தவங்களும் உங்க கிளப்தானே? அவங்ககிட்டயும் ஆர்லீன் மன்னிப்புக் கேட்டான்னு சொல்லிடுங்க." லாய்ட் "டாரியா" என்றான், அவ்வளவுதான். "சொல்லிடறேன்" என்றாள் டாரியா. அவன் பன்னைத் தொடவில்லை, இப்போதுதான் கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு, முடிச்சுகூடப் போடாமல் வெளியே போய்விட்டான்.

ஆர்லீன் விடைபெற்றுப் போன பிறகு குடிலில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் இருந்தது. நாளைக்குப் போன் செய்து சொல்லலாம், நம்பர் இல்லையே, கடிதம் எழுதலாம், விலாசம் தெரியாதே, சொல்லாமலேயே படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கிவிடலாம், நீக்கிவிட்டால் யாருக்குத் தெரியும், லாய்டுக்குத் தெரியும்... எழுந்தாள். கையுறைகூட இல்லாமல் ஓடினாள், மைனஸ் பத்தொன்பது, மூக்கு உள்ளே ஒட்டிக்கொண்டது. மேட்டில் பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி மஞ்சள் கோட்டு ஒவ்வொரு அடியாக ஏறிக்கொண்டிருந்தது, பின்னால் உறைபனி மூடிய மரங்கள், பக்கவாட்டு வெயில், இன்னும் இரண்டடி இடப்புறம் நகர்ந்து நின்று எடுத்தால்... சீ. "ஆர்லீன்! நில்லுங்க. அந்தப் படம் எடுத்தது நான்தான். வாத்துன்னு எழுதினதும் நான்தான்."

ஆர்லீன் திரும்ப நேரம் பிடித்தது. முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு முகம். "நீங்களா," என்றாள். கத்தவில்லை. கத்தினால் நன்றாக இருக்கும் என்று டாரியா காத்திருந்தாள். "எங்கேருந்து எடுத்தீங்க?" "பாலத்து மேலேருந்து." ஆர்லீன் கம்பியை இன்னும் இறுகப் பிடித்தாள். "அப்போ வளைவுல நான் விழுந்ததைப் பாத்தீங்களா? எவ்வளவு நேரம் பாத்துட்டு இருந்தீங்க?" "இல்ல... ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்தப் பக்கமா போறப்ப சும்மா ஒரு கிளிக்." வார்த்தை எவ்வளவு சரளமாக வந்தது. ஆர்லீன் மூச்சை விட்டாள், வெள்ளையாக. "நல்லவேளை. நான் அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி சத்தம் போட்டு அழுதேன். அதை யாராவது பார்த்திருந்தா இந்தப் பக்கமே என்னால வர முடியாது." பஸ் வந்தது. "வாத்துன்னு எழுதினது நல்லா இல்லைங்க," என்றாள், ஏறும்போது, அதையும் சின்னக் குரலில்தான், டிரைவர் படியைத் தாழ்த்திக் கொடுத்தார், கதவு மூடிக்கொண்டது.

அன்று பாலத்தின் மேலிருந்து டாரியா இருபத்தாறு படம் எடுத்திருந்தாள். முதல் படத்தில் மணி ஒன்பது பன்னிரண்டு, கடைசிப் படத்தில் ஒன்பது இருபத்து மூன்று, காமிரா எழுதி வைத்திருக்கிறது. நடுவில் ஆறு படத்தில் மஞ்சள் கோட்டு பனியில் உட்கார்ந்திருக்கும். அழுதது கேட்டதா? காற்று இல்லாத காலையில் கேட்காமல் எங்கே போகும்... ஒருமுறை காமிராவைத் தாழ்த்தினாள், இறங்கிப் போகத்தான் என்று இந்த மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், உண்மையில் விரல் மரத்துப்போய் ஊதிக்கொள்ளத்தான் தாழ்த்தினாள், அவள் எழுந்திருக்கட்டும், அதற்குள் வெயில் வளைவுக்கு வந்துவிடும் என்றிருந்தது. இருபத்தாறில் கால் மிகவும் கோணியிருந்த ஒன்றைத்தான் கிளப் இணையப் பக்கத்தில் போட்டாள். சரி, ஒரு நிமிஷம் என்று இப்போது சொன்ன பொய் ஆர்லீனுக்காகத்தானே, அவள் மறுபடி நடக்க வர வேண்டுமே என்பதற்காகத்தானே? அப்படியானால் 'நல்லவேளை' என்று கேட்டதும் நெஞ்சு லேசானது யாருக்கு? ஓடி வந்து ஒப்புக்கொண்டதுகூட, இருந்த உண்மைகளில் தனக்குப் பார்க்கச் சகிக்கிற ஒன்றைப் பொறுக்கியெடுத்துத்தானோ... கை எரிந்தது, பையில் விட்டுக்கொள்ளலாம், விட்டுக்கொள்ளவில்லை, பஸ் போன தெருவைப் பார்த்தபடி டாரியா நின்றாள்.