லெனர்டு நடந்து போன தடம்

அறுப்பு முடிந்த வயலில் நானும் லெனர்டும் பேசாமல்தான் நடப்போம். வீட்டில் எப்போதும் ஏதாவது சத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இங்கிலாந்தில் சஃபோக்கின் இந்தச் சரிவில், காதில் ஹெட்போனோடு, புதைந்த பழம்பொருள் தேடி, ஆளுக்கொரு உலோகங்காட்டியை மண்மேல் வீசிக்கொண்டு அருகருகே போவோம். என் கணவனை நான் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த மௌனத்தில்தான்.

அன்று காலை தேநீர் ஊற்றும்போது சொன்னான்.

"இன்னைக்கும் ஒண்ணும் அகப்படலைன்னா இதோட நிறுத்திக்கிறேன், மேவிஸ். எனக்கு ஒரு பித்தளைப் பொத்தான்கூட வரமாட்டேங்குது."

"மண்ணுக்கு அழகான ஆளுங்களைப் பிடிக்காதுபோல."

"அப்ப உனக்கு எப்படிக் கிடைக்குதுன்னு புரியுது."

சிரித்தேன். ஆனால் பயமாக இருந்தது. அவன் நிறுத்தினால் இந்த ஞாயிறுகளும் போய்விடும்.

வேலி வரை போய்த் திரும்பும்போது தடத்தை மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்கலாம். அவன் வந்த தடத்தில் நான் திரும்பினேன். அவனுடைய பூட்ஸ் பதிந்த இடத்திலேயே என் கருவி காதில் ஒலித்தது. லேசாக அல்ல, நன்றாகவே.

நின்றேன். நான் தோண்டினால், தான் தவறவிட்டது அவனுக்குத் தெரிந்துவிடும். தாண்டிப் போனால் யாருக்கும் தெரியாது.

"லென், இங்க கொஞ்சம் வீசிப் பாரேன். என் பேட்டரி சரியில்லை."

வந்து வீசினான். மறுபடி வீசினான். அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. பிறகு நிமிர்ந்து என்னையே பார்த்தான். வேலிக்கு அப்பால் காக்கைகள் எழுந்து அடங்கின.

"உனக்குக் கேக்குது, இல்ல?"

"ம்."

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். "எப்பலேர்ந்து தெரியும்?"

"கெட்டில் கத்திக்கிட்டே இருக்க, நீ பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சியே, அப்பலேர்ந்து."

"சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். உனக்குக் கேக்கலை."

பிறகு மண்டியிட்டு மண்ணை விலக்கத் தொடங்கினான். அவன் விரல்களுக்கு அவசரமே தெரியாது. ஒரு பொன்விளிம்பு தெரிந்தது. அதற்குள் வட்டமாகச் சிவப்புக் கற்கள். தோளில் ஆடையைப் பிணைக்கும் ஒரு ப்ரூச். பக்கத்தில் நீலக் கண்ணாடி மணி, அதை ஒட்டி இன்னொன்று.

நான் கை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாதே. மணி கோத்த வரிசை கலையலை பாரு. ஏர் இவ்வளவு ஆழம் வரலை. எந்தக் காலத்துலயோ புதைச்ச ஒரு பொண்ணு இங்கேயே படுத்திருக்கா, மேவிஸ். இன்னொரு தோள்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கும்."

அதற்குமேல் தோண்டுவது எங்கள் வேலையல்ல. மாவட்டத் தொல்பொருள் அலுவலருக்குப் போன் செய்தோம். காற்றில் மண் காயாமலிருக்கத் தன் கோட்டைக் கழற்றிக் குழிமேல் விரித்தான், தூங்குகிறவளைப் போர்த்துவதுபோல. இருபுறமும் உட்கார்ந்து சீஸ் சாண்ட்விச் தின்றபடி காவலிருந்தோம்.

அலுவலர் பெண் வந்ததும், "யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள்.

"லெனர்டு" என்றேன்.

அது மட்டும் அவனுக்கு நன்றாகக் கேட்டது. "இல்லம்மா. காது இவளோடது. கை என்னோடது. ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கோ."

அடுத்த ஞாயிறு அவன் தன் உலோகங்காட்டியைக் காரில் ஏற்றவில்லை. நிறுத்தியேவிட்டான் என்று நினைத்தேன். பிறகு பார்த்தேன்: தோளில் மண்வெட்டியோடு, என் பக்கக் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தான்.

இப்போது இருவரும் ஒரே தடத்தில் நடக்கிறோம். ஒலி வந்தால் அவன் சட்டைக் கையைத் தொடுவேன். அவன் மண்டியிடுவான்.