சூடான எஞ்சினுக்கு மண்ணெண்ணெய்

1

புயலுக்கு முந்திய மாதம் நான் மரம் அரிகிற செயின் சோ ஒன்று வாங்கினேன். அதனுடன் வந்த கைநூலின் கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. இந்தக் கதையின் முதல் வரியை அங்கேதான் எழுதினேன்: 'வல்லிபுரம் அண்ணன் செத்தபோது காற்று ஓய்ந்து...' வெட்டிவிட்டேன். செத்த மனிதரை வைத்து அழகாகத் தொடங்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

இரண்டாவது தொடக்கம்: 'வீட்டுப் பாவனைக்கு எந்த செயின் சோ நல்லது என்றால்...' இது பரவாயில்லை. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியன். விளக்கம் சொல்வது எனக்குச் சுகம்.

2

மட்டக்களப்பில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் றமீஸ் சொன்னார்: "பெருசு வேணாம் சேர். வளவு மரத்துக்குப் பதினாறு இஞ்சி அலகு காணும். உதிரிச் சாமான் கிடைக்குமா எண்டுதான் முதல் கேக்கணும்."

பெற்றோல் ஒரு லீற்றருக்கு ரூ-ரி எஞ்சின் ஒயில் நாற்பது மில்லி. குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். கலந்ததை நெடுநாள் வைக்கக் கூடாது என்பதால் தேவைக்கு மட்டும் கலக்க வேண்டும். சங்கிலிக்கு வேறு ஒயில். "மண்ணெண்ணெய் மட்டும் இதுக்குள்ள போயிரக் கூடாது," என்றும் சொன்னார்.

[இந்தக் கடைசி வாக்கியம் முதல் பிரதியில் இல்லை.]

3

புயல் ஓய்ந்த காலை எதிர்வீட்டு வல்லிபுரம் அண்ணனுக்கு நெஞ்சு நோவு வந்தது. வெளியே போக ஒரே வழியான ஒழுங்கையை மறித்து வாகைமரம் விழுந்திருந்தது. முள்ளுக்கம்பி வேலியும் கிளைகளுக்குள் சிக்கி, இருபுறமும் வாவி வெள்ளம். ஆளைத் தூக்கித் தாண்ட வழியில்லை. ஓட்டோ அந்தப் பக்கம் காத்து நின்றது.

செயின் சோவைக் கொண்டு ஓடினேன். நான் கயிற்றை இழுத்துத் தடுமாறுவதைப் பார்த்து, கடலுக்கு மீன் பிடிக்கப் போகிற பற்றிக் அதை வாங்கி அரிந்தார். பாதி மரத்தில் பெற்றோல் கலவை தீர்ந்தது. கலந்து வைத்தது வேறு இல்லை. பற்றிக் தன் படகுக்கான மண்ணெண்ணெய்க் கேனை எடுத்து வந்தார். படகு எஞ்சினைப் பெற்றோலில் தொடக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எங்கள் கரையில் எல்லோரும் செய்வதுதான்.

அவர் ஊற்றினார். மெசின் மூன்று நிமிடம் புகைத்து ஓடியது. பிறகு ஒயில் இல்லாமல் இறுகி நின்றுவிட்டது. மிச்சத்தைக் கோடாலியால் வெட்ட முக்கால் மணித்தியாலம் போனது. ஆஸ்பத்திரி வாசலில் வல்லிபுரம் அண்ணனுக்கு உயிர் இருக்கவில்லை.

"பற்றிக் மண்ணெண்ணெய ஊத்தாட்டி மனிசன் பிழைச்சிருப்பார்," என்றது ஊர். அதற்குப் பிறகு பற்றிக் எங்கள் ஒழுங்கையால் வருவதில்லை.

4

பற்றிக்கை அவசரக்காரராக எழுதினேன். விபரமில்லாதவராக எழுதினேன். ஒன்றும் ஒட்டவில்லை. நடந்ததில் ஒரு பேச்சை விட்டிருந்தேன். கேனைத் திறந்தவர் உடனே ஊற்றவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "சேர், போட் எஞ்சினுக்குத் தாங்கும். இதுக்குத் தாங்குமா? நீங்கதானே புத்தகம் பாத்த ஆள்."

'அந்தப் பதற்றத்தில் றமீஸ் சொன்னது எனக்கு மறந்து...' பொய். நினைவிருந்தது. என் மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இருந்தது, வீட்டில் ஒயில் இருந்தது. கலந்து வரப் பத்து நிமிடம் போதும். ஆனால் அத்தனை பேர் முன்னால் பொறுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

"சூடாத்தானே இரிக்கு, ஊத்துங்க," என்றேன். வல்லிபுரம் அண்ணனின் மனைவி சின்னத்தங்கம் அக்காவின் அழுகையில் வேறு ஒருவருக்கும் அது கேட்கவில்லை.

பற்றிக் இன்றுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது தாங்க முடியாமல் இருக்கிறது.

5

முதல் முடிவு: நான் பற்றிக் வீட்டுக்குப் போகிறேன். அவர் தேத்தண்ணி தந்து மன்னிக்கிறார். அவருடைய மன்னிப்பை நானே எழுதிக்கொள்வதா? கிழித்தேன்.

இரண்டாவது: முந்தி வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்கிறார் டாக்குத்தர். எந்த டாக்குத்தரும் அப்படிச் சொல்லவில்லை.

மூன்றாவது முடிவு நாளைக் காலை வருகிறது. சின்னத்தங்கம் அக்காவுக்குக் கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது. கடிதம், மருந்துத் துண்டு எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். இன்று வேலியருகில் நின்று கேட்டார்: "தம்பி, அவரப் பத்தி எழுதியிருக்கீங்களாம். நாளைக்கு வாறன், வாசிச்சுக் காட்டுங்க. அந்தப் பற்றிக் செஞ்சதையும் எழுதினதானே?"

"ஓம் அக்கா," என்றேன்.

நீங்கள் இதை வாசிக்கும்போது அந்தக் காலை முடிந்திருக்கும். நான்காம் பகுதிக்குப் போனேனா, மூன்றுடன் தாளை மடித்தேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அக்காவுக்கு நான் நிறுத்துகிற இடம்தான் கதையின் முடிவு.